வெளிப்பட்டதும் வெளிப்படுத்தியதும்

“வெளிப்படுத்த இயலாது” என்று முடிவுற்ற கடிதமொன்றைக் கையிலேந்தி வன்னியிலிருந்து கமக்காரர் ஒருவர் அண்மையில் எமது அலுவலகத்துக்கு வந்தார். தகப்பனார் காடு வெட்டித் திருத்திய வயல், எந்த நில அளவைப் படத்தின்படி ஓர் அரச திணைக்களத்தின் எல்லைக்குள் விழுந்தது என்பதையே அவர் கேட்டிருந்தார். கேட்டது ஒரு படத்தின் பிரதி. கிடைத்தது ஒன்றரைப் பக்க மறுப்பு. கடிதம் தமிழில் இருந்தது என்பதற்காக நன்றி கூறுவதா, அத்தமிழைப் படித்து விளங்கிக் கொள்வதற்கே இரண்டு மூலச் சட்டங்களைப் புரட்ட வேண்டியிருந்ததற்காக நொந்து கொள்வதா என்று தெரியாமல் நாம் அதனை இருமுறை வாசித்தோம். அவரோ எமது வாசிப்பு முடியும் வரை பொறுத்திருந்துவிட்டு, “ஐயா, வெளிப்படுத்த ஏலாதெண்டால் உள்ளுக்கை ஏதோ கிடக்கெண்டுதானே கருத்து?” என்றார்.

இருபது ஆண்டுகாலம் நீதிமன்றங்களில் வாதாடிய எமக்கு அன்று ஒரு பாடம் கிடைத்தது. மறைவாக ஒரு பொருள் இருந்தாலன்றி வெளிப்படுத்தல் என்னும் தொழிலுக்கு இடமே இல்லை. இல்லாத ஒன்றை எவரும் வெளிப்படுத்த மறுக்க முடியாது. ஆகவே மறுப்பே ஓர் ஒப்புதலாகி விடுகின்றது. “அப்படியொரு படம் எம்மிடம் இல்லை” என்று அத்திணைக்களம் எழுதியிருந்தால் அது வேறு வழக்கு. “வெளிப்படுத்த இயலாது” என்று எழுதியபடியால் படம் இருக்கின்றது என்பது வெளிப்பட்டு விட்டது.

வெளிப்பட்டு விட்டது என்றோம்; வெளிப்படுத்தினார்கள் என்று சொல்லவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எமது மக்களின் அரசியலில் மிகப் பெரிது. வெளிப்படுதல் தன்வினை. வெளிப்படுத்துதல் பிறவினை. மழைக்குப் பின் மண்ணரித்து வேர் வெளிப்படும். அதற்கு ஆள் வேண்டியதில்லை. வெளிப்படுத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும். அவ்வாளுக்கு ஒரு பெயரும், செய்ததற்கு ஒரு பொறுப்பும் உண்டு. பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்த எவருக்கும் தெரிந்த இவ்வேற்றுமையை நாம் இங்கே நீட்டிப் பேசுவது புலமை காட்டுவதற்காக அன்று. செம்மணியை நினைத்தே பேசுகின்றோம்.

1998 ஆம் ஆண்டு கொழும்பு மேல் நீதிமன்றத்தில் கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் மரண தண்டனைக்குள்ளான படைவீரர் ஒருவர், குற்றவாளிக் கூண்டில் நின்றபடியே, செம்மணியில் முந்நூறு நானூறு பேர் புதைக்கப்பட்டுள்ளனர் என்றும் அவ்விடங்களைத் தம்மாற் காட்ட முடியும் என்றும் கூறினார். அது வெளிப்படுத்தல். கூறியவருக்குப் பெயர் உண்டு. கூறிய இடம் பகிரங்க நீதிமன்றம். 1999 இல் அகழ்ந்தபோது 15 உடல்கள் எடுக்கப்பட்டன. அவ்விடயம் எவருக்கும் தண்டனை விதிக்கப்படாமலே ஓய்ந்தது. எமது சான்றுக் கட்டளைச் சட்டம் 1895 ஆம் ஆண்டினது. பொலிஸ் காவலிலுள்ள ஒருவர் கொடுக்கும் தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்படுமாயின், அப்பொருளோடு நேரே தொடர்புற்ற அளவுக்கு அத்தகவலை நிரூபிக்கலாம் என்று அதன் 27 ஆம் பிரிவு கூறும். வாயினாற் சொன்னதை மண் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அதன் உட்கிடை. செம்மணியில் மண் ஒப்புக்கொண்டது. மண்ணுக்கு மேலே இருந்தவர்கள்தாம் ஒப்புக்கொள்ளவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தது என்ன? 2025 பெப்ரவரியில், அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் எரிகொட்டகை ஒன்றுக்கு அத்திவாரம் வெட்டிய வேளையில் எலும்புகள் வெளிப்பட்டன. அரசாங்கம் எதுவும் தேடவில்லை. எந்தப் படையதிகாரியும் மனச்சாட்சி உறுத்தி வாய் திறக்கவில்லை. கூலிக்கு மண் வெட்டியவரின் மண்வெட்டிதான் செய்தது. அதன்பின் யாழ்ப்பாண நீதவானின் கட்டளையின் கீழ் நடந்த அகழ்வில் அவ்வாண்டு செப்டெம்பருக்குள் 200 க்கு மேற்பட்ட என்புக்கூடுகள் அடையாளமிடப்பட்டன. சிறு பிள்ளைகளின் எலும்புகள், ஒரு புத்தகப்பை, விளையாட்டுப் பொருள்கள், பால் போத்தல். ஆகஸ்டில் அப்பொருள்களை மக்கள் முன் வைத்து, எவரேனும் அடையாளங் காண்கின்றனரா என்று பார்த்தார்கள். தம் பிள்ளையின் சட்டையைத் தேடி வரிசையில் நின்ற தாய்மாரைப் பற்றி எழுதுவதற்கு எமது பேனாவுக்குத் தைரியம் போதாது. ஒன்றை மட்டும் குறிப்போம். அங்கே எல்லாம் வெளிப்பட்டன. எவரும் எதையும் வெளிப்படுத்தவில்லை. பத்திரிகைகளும் அவ்வாறே எழுதின. எலும்புகள் “வெளிவந்தன”, “தென்பட்டன”, “மீட்கப்பட்டன”. வாக்கியத்துக்கு எழுவாய் எலும்பு. புதைத்தவன் அவ்வாக்கியத்துள் எங்கும் இல்லை.

இவ்வகை இலக்கணம் அரச பேச்சில் புதிதன்று. நீண்ட காலம் எமது பிள்ளைகள் “காணாமற் போனோர்” எனப்பட்டனர். காணாமற் போவது சந்தையிலே குடை, மேய்ச்சலிலே கன்று. இரவிலே வாகனத்தில் வந்து இழுத்துச் செல்லப்பட்டவனும், 2009 மே மாதத்தில் தாயின் கண்ணெதிரே படையினரிடம் ஒப்படைக்கப்பட்டவனும் எவ்வாறு காணாமற் போவான்? உறவினர்கள் அச்சொல்லைத் தூக்கி வீசினார்கள். “காணாமலாக்கப்பட்டோர்” என்றார்கள், அதற்கு முன்னே “வலிந்து” என்ற சொல்லையும் வைத்தார்கள். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய அவர்களது போராட்டத்தின் பதாகைகளைப் பார்த்தோர் இதை அறிவர். ஒரு விகுதியை மாற்றியதால் ஒரு குற்றவாளி வாக்கியத்துக்குள் கொண்டு வரப்பட்டான். எந்தப் பேராசிரியரும் கற்பிக்காத இவ்விலக்கணத் திருத்தத்தைத் தெருவோரக் கொட்டகையில் அமர்ந்த தாய்மார் செய்தனர். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அலுவலகத்தின் தமிழ்ப் பெயரோ “காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்” என்றே இன்றும் இருக்கின்றது. பெயரில் என்ன இருக்கின்றது என்பார்க்கு அச்சட்டத்தையே விடையாகக் காட்டுவோம். அவ்வலுவலகத்தின் முடிபுகள் எவ்விதக் குற்றவியற் பொறுப்பையோ குடியியற் பொறுப்பையோ தோற்றுவிக்கா என்று அது தெளிவாகக் கூறுகின்றது. எங்கே என்று தேடலாம். எவரால் என்பது வழக்காகாது. தன்வினைப் பெயருக்குத் தன்வினைச் சட்டம்.

இனிக் கமக்காரருக்கு நெருங்கிய வேறொரு சொல்லுக்கு வருவோம். வெளியிடுதல் என்பது வெளிப்படுத்துதலின் உடன்பிறப்புப் போலத் தோன்றும். ஆனால் வெளியிட்டே மறைக்கவும் கூடும். 2025 மார்ச் 28 ஆம் திகதிய 2430 ஆம் இலக்க வர்த்தமானியில், 1931 ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அறிவித்தலொன்று வெளியிடப்பட்டது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர். அதிற் பெரும்பங்கு, 3,600 ஏக்கருக்கு மேல், யாழ்ப்பாண மாவட்டத்தில். மூன்று மாதத்துள் உரிமை கோரப்படாத காணி அரச காணியாகப் பிரகடனமாகும் நிலை. உரித்து நிர்ணயிப்பதே நோக்கம் என்று அரசாங்கம் விளக்கியது. நோக்கம் எதுவாயினும் ஆகுக. அவ்வறிவித்தல் வெளிவந்தபோது வடமராட்சிக் கிழக்கின் எத்தனை கடற்றொழிலாளர் அதை அறிந்திருந்தனர்? ஐந்து தடவை இடம்பெயர்ந்து உறுதியைப் பெட்டியோடு தொலைத்தவன், காணியின் பாதிப் பங்காளிகள் கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவன், தகப்பன் பெயரிலிருந்து இன்னும் உறுதி மாற்றாதவன், இவர்கள் மூன்று மாதத்தில் என்ன செய்ய வல்லர்? எதிர்ப்பு எழுந்தது. அரசாங்கம் அவ்வறிவித்தலை மீளப்பெறத் தீர்மானித்தது. உயர் நீதிமன்றமும் 2025 ஜூனில் இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது. ஆபத்து அவ்வளவில் நின்றது. ஆயின் அவ்வறிவித்தலைத் தேடிப் பிடித்து வாசித்துச் சனங்களிடம் கொண்டு சேர்த்தவர்கள் எவர் என்பதை நினைவிற் கொள்ளல் நன்று. வெளியிட்டது அரசு. வெளிப்படுத்தியது அரசன்று.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகின்றது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைக் கோவையைப் புரட்டுவோர், காணி விற்பனை பற்றிய பகுதியில் ஓர் ஒழுங்கைக் காண்பர். காணி விற்க எண்ணுபவர், அவ்வெண்ணத்தைத் தம் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிப்பித்த பின்னரே விற்கலாம். முதுசொப் பங்காளிகளும் அயற்காணிக்காரரும் வாங்குவதற்கு முந்துரிமை பெற்றிருந்தமையால், அவர்களது காதில் விழும்படி சொல்ல வேண்டும் என்பதே அதன் கருத்து. ஒல்லாந்தர் எமது நண்பரல்லர். கோயில்களை இடித்தவர்கள், தோம்பு எழுதியதும் வரிக்காகவே. ஆயினும் அறிவித்தல் என்றால் அறிய வேண்டியவன் அறிதல் என்ற அளவுக்கு அவர்களது எழுத்தர்களுக்கு விளங்கியிருந்தது. மூன்று நூற்றாண்டு கழித்து, இணையத்தில் ஏற்றிவிட்டோம், இனி அறியாதவன் குற்றவாளி என்கின்றது எமது காலத்து நிருவாகம்.

விசாரணை ஆணைக்குழுக்களின் கதையும் இதுவே. “சமர்ப்பிக்கப்பட்டது” என்ற சொல்லைக் கேட்டு மகிழும் பழக்கம் எம்மவரிடம் உண்டு. எவரிடம் சமர்ப்பிக்கப்பட்டது? மூதூரில் 2006 இல் பதினேழு தொண்டர் நிறுவன ஊழியர்கள் கொல்லப்பட்டமை, அதே ஆண்டில் திருகோணமலையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டமை உட்படப் பல சம்பவங்களை ஆராய்ந்த உடலாகம ஆணைக்குழுவின் அறிக்கை 2009 இல் சனாதிபதியிடம் கையளிக்கப்பட்டது. மக்கள் கண்டது 2015 இல். அவ்வாறு ஆண்டு நான்கு ஆண்டு ஐந்து என்று ஓர் அறிக்கை அலுமாரியில் உறங்கும் காலத்தில் சாட்சி இறந்து விடுகின்றான், அல்லது கப்பலேறி விடுகின்றான். பிறகு வெளிப்படுத்துவதில் எவருக்கும் நட்டமில்லை.

மறுபடியும் எமது கமக்காரரின் கடிதத்துக்கு வருவோம். மறுப்புக்குக் காட்டப்பட்ட காரணம் தேசிய பாதுகாப்பு. தமிழ் இலக்கணத்தில் “வெளிப்படை” என்றொரு வழக்கு உண்டு. பல பொருள் குறிக்கும் சொல்லுக்கு அடைகொடுத்து, இப்பொருள்தான் என்று தெளிய வைப்பது அது. வேங்கை என்றால் மரமும் ஆகும், புலியும் ஆகும். பூத்த வேங்கை என்றால் மரம். பாய்ந்த வேங்கை என்றால் புலி. தேசிய பாதுகாப்பு என்னும் சொல்லும் வேங்கை போன்றதே. அடையில்லாமல் வருமிடத்து எதையும் குறிக்கும், எவரையும் அச்சுறுத்தும். இரண்டு ஏக்கர் வயலின் அளவைப் படம் வெளிப்படுவதால் எந்தக் கோட்டை இடியும், எந்தத் துறைமுகம் பறிபோகும் என்று சொல்ல வேண்டியது மறுப்பவரின் கடமை. அடை கொடுக்கட்டும், பிறகு அது பூத்ததா பாய்ந்ததா என்று பார்ப்போம்.

சட்டமும் இதையே சொல்கின்றது என்பதை எமது மக்களிற் பலர் அறியார். அரசியலமைப்பின் பத்தொன்பதாம் திருத்தத்தால் 2015 இல் தகவலறியும் உரிமை அடிப்படை உரிமையாயிற்று. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு உருவம் கொடுத்தது. 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. கேட்பவர் எதற்காகக் கேட்கின்றார் என்று காரணம் கூற வேண்டியதில்லை. இதைக் கமக்காரர்கள் தம் கொட்டிலில் எழுதி ஒட்டுதல் தகும். ஏனெனில் கந்தோரில் முதலிற் கேட்கப்படுவதே “உமக்கேன் இது?” என்பதுதான். தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாள்களுக்குள் தீர்மானம் கூற வேண்டும். மறுத்தால் பதினான்கு நாள்களுக்குள் அவருக்கு மேலுள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையிடலாம். அங்கும் நியாயம் கிட்டாவிடின் இரண்டு மாதத்துள் ஆணைக்குழுவிடம் போகலாம். ஒரு தாளில் மறைக்கத்தக்க பகுதி ஏதேனும் இருப்பின் அதை நீக்கிவிட்டு எஞ்சியதைக் கொடுக்க வேண்டுமேயன்றித் தாள் முழுவதையும் பூட்டி வைத்தல் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிப்படுத்துவதால் வரும் பொது நன்மை அதனால் வரும் தீங்கிலும் பெரிதாயின், ஐந்தாம் பிரிவின் விலக்குகள் இருந்தபோதிலும் கொடுத்தே ஆக வேண்டும். இத்தனை கதவுகள் இருக்க, முதற் கதவில் “இயலாது” என்று கேட்டவுடன் திரும்பி வீட்டுக்குப் போகின்றவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் என்பது எமது அனுபவம். எண்ணிக் கணக்கெடுத்துச் சொல்லவில்லை. வாசலில் நின்று பார்த்துச் சொல்கின்றோம்.

இதுவரை பிறர் மறைத்ததைப் பேசினோம். எமது பக்கத்தைப் பேசாமல் விடின் இக்கட்டுரையும் ஒரு மறைப்பாகி விடும்.

வெளிப்படுத்தல் என்ற குடும்பத்திலே எமது மண்ணில் மிகவும் இரத்தம் படிந்த சொல் ஒன்று உண்டு. காட்டிக் கொடுத்தல். காட்டுதல் நல்ல சொல்; கொடுத்தல் அதனினும் நல்ல சொல். இரண்டும் கூடியபோது ஒரு மனிதனைக் கொல்வதற்குப் போதுமான குற்றச்சாட்டாயின. முகமூடியணிந்து சுற்றிவளைப்பில் தலையாட்டியவன் காட்டிக் கொடுத்தான், அதில் ஐயமில்லை. ஆனால் கிராமத்தில் நடந்த அநியாயத்தைச் சொன்னவனும், மாற்றுக் கருத்தை எழுதியவனும், இயக்கத்தின் கணக்கைக் கேட்டவனும் அதே பெயரால் அழைக்கப்பட்டு மின்கம்பத்தில் கட்டப்பட்ட காலமும் எமது வரலாற்றில் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்ட வேளையில் அயலவர்களாகிய நாம் பேசியது எவ்வளவு? பேசாதிருந்ததற்குக் காரணம் அச்சம் என்போம். அச்சம் உண்மைதான். ஆனால் அச்சம் நீங்கிய பின்னும் அதே மௌனம் தொடருமாயின் அதற்கு வேறு பெயர் தேட வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அரசாங்கத்துக்கு மட்டும் உரிய சமையல் அன்று. எமது இயக்கங்களாற் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரும் எமது தாய்மாரே. அவர்களும் அந்த விகுதிக்கு உரித்துடையவர்கள்.

அரசியற் கட்சிகளாகிய நாமும் தப்பவில்லை. 1957 இல் பண்டாரநாயக்கா செல்வநாயகம் உடன்படிக்கையை நாடு முழுவதும் அறிந்தது. அறிந்தபடியாலேதான் எதிரிகள் ஊர்வலம் போனார்கள் என்று சிலர் கருதினர். அந்தப் படிப்பினையாலோ என்னவோ, 1965 மார்ச் 24 இல் டட்லி சேனநாயக்காவோடு கைச்சாத்தான உடன்படிக்கை மக்கள் முன் விரிக்கப்படவில்லை. நிறைவேறியதா? இல்லை. 1968 இல் தமிழரசுக் கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. வெளிப்படுத்தியதும் கிழிக்கப்பட்டது, மறைத்ததும் கைவிடப்பட்டது. ஆகவே எதிலும் பயனில்லை என்று வாதிடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கிழிக்கப்பட்ட ஒப்பந்தத்தை எதிரி கிழித்தான் என்று சிறு பிள்ளையும் அறியும். அதனால் ஒரு தலைமுறை அரசியல் கற்றது. மூடி வைத்த ஒப்பந்தம் இறந்தபோது எது இறந்தது என்றே சனங்களுக்குத் தெரியவில்லை. இன்றும் கொழும்பில் கதவடைத்துப் பேசிவிட்டு வந்து “பேச்சு சுமுகமாக நடைபெற்றது” என்று இரண்டு வரியில் அறிக்கை விடுவது எம்மவரிடையே வழக்கமாகி விட்டது. அரசிடம் தகவல் கேட்கும் நாவு எமக்கு இருக்குமாயின், எம்மிடம் தகவல் கேட்கும் உரிமை எமது கிளைச் சங்கங்களுக்கும் இருக்க வேண்டும். இதை எழுதுவதால் எமது நண்பர் சிலர் முகங்கோணுவர். கோணட்டும்.

எல்லாவற்றையும் எப்போதும் சந்திக்கு இழுக்க வேண்டும் என்று நாம் வாதிடுகின்றோம் என எவரும் மயங்கற்க. சைவ சமயம் இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலையும் ஒன்றாகவே எண்ணுகின்றது. கட்சிக்காரர் எம்மிடம் சொன்னதை அவர் அனுமதியின்றி வெளியிடச் சட்டம் எமக்கே தடை விதித்துள்ளது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு அது. சாட்சியின் உயிரைக் காக்க அவன் இருக்குமிடத்தை மறைத்தல் அறம். வல்லுறவுக்குள்ளான பெண்ணின் பெயரை மறைத்தல் அறம். மறைப்பு எளியவனைக் காப்பதற்கா, வலியவனைக் காப்பதற்கா என்பதே நாம் கேட்கும் கேள்வி. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் இந்நாட்டில் 2015 வரை பிறக்கவில்லை. புதைகுழிகளைப் பாதுகாக்கும் மௌனமோ அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பிறந்து வளர்ந்திருந்தது.

கமக்காரரின் மேன்முறையீட்டை அன்றே எழுதினோம். சட்டப் பிரிவுகளை நாம் எழுதினோம். காரணத்தைத் தாமே சொல்வதாக அவர் கூறியபடியால், அவர் சொன்னவாறே எழுதச் சம்மதித்தோம். அந்தப் படத்தில் தமது வயலுக்கு எந்த இலக்கம் இடப்பட்டுள்ளது, அதை எந்த ஆண்டில் எவர் அளந்தார், அளந்த அன்று தமது தகப்பனார் அங்கே நின்றாரா என்பவை வேண்டும் என்றார். கடைசிக் கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை என்று விளக்கினோம். “இருக்கட்டும் ஐயா, எழுதுங்கோ” என்றார். எழுதினோம். பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டு எமது மேசையில் இருக்கின்றது. மூன்று வாரம் இன்னும் முடியவில்லை.